பார்த்தவர்கள் பட்டியல்

ஈரோட்டில் கோகிலவாணி வீடு எது என்று கேட்டால் நின்று யோசிப்பார்கள். பாஸ்வேர்டு அக்கா வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். பதினோரு வருடமாக உள்ளூர் பண்பலையில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் குரல்தான். நிகழ்ச்சியின் பெயர் 'பூட்டியாச்சா?'. பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள், அதை ஊருக்கே கேக் வெட்டிக் காட்டியிருக்கிறீர்கள் என்பாள். டார்ச்லைட் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால், வெளிச்சம் அடிக்க என் மாமியார் நம்பர் உனக்கு எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள் என்பாள். போனை ரிப்பேருக்குக் கொடுக்கும்முன் படங்களை எடுத்துவிட்டுக் கொடுங்கள், திறக்கும் எண்ணைச் சீட்டில் எழுதிப் பின்னாலேயே ஒட்டிக் கொடுக்கிற புண்ணியவான்கள் இனிமேலாவது திருந்துங்கள் என்பாள். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பாதிப் பேர் சொன்னதைச் செய்யவும் செய்தார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த ஆவணி மாதம் சோறு இறங்கவில்லை. ஒரு தீர்ப்பு வந்திருந்தது.

"சென்னிமலைல இருந்து பேசறனுங்க. லிஸ்டு வருது, லிஸ்டு வருதுன்னு ஊரே பேசுது. அதென்னன்னு கொஞ்சம் வெளாவாரியாச் சொல்லுங்க" என்று அந்தச் சனிக்கிழமை ஒரு பெரியவர் அழைத்துக் கேட்டார்.

இப்படியொரு கேள்வி வந்தால் கோகிலவாணி மைக்கை விடமாட்டாள். அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று சைகை காட்டி, நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஷாஜஹான் பக்கம் தள்ளிவிட்டாள்.

"ஐயா, உங்க போனுக்கு முன்னாடி ஒரு கேமரா இருக்குதில்லைங்களா?" என்று ஷாஜஹான் ஆரம்பித்தான். "நாம செல்பி எடுக்கறப்பத்தான் அது முழிச்சிருக்கும்னு நெனச்சோம். அப்படியில்லீங்க. எட்டு வருசமா அது முழிச்சேதான் இருந்திருக்குது. திரையை யார் பாக்கறாங்க, எத்தனை நிமிசம் பாக்கறாங்கன்னு மொகத்தை வச்சுக் குறிச்சுக்கிட்டே வந்திருக்குது. எல்லாம் விளம்பரத்துக்காக. இப்ப கோர்ட்டுல அம்பலமாயிருச்சு. அத்தனையும் அழிச்சுருங்க, அழிக்கறதுக்கு முன்னாடி போனுக்குச் சொந்தக்காரங்க கையில ஒரு பிரதி குடுத்துருங்கன்னு தீர்ப்பு. புரட்டாசி ஒண்ணாந்தேதி ஒவ்வொருத்தருக்கும் லிஸ்டு வருமுங்க. அவங்கவங்க போனை யார் யார் பாத்தாங்கன்னு."

"பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்து எட்டிப் பாத்தவன் பேருமுங்களா?"

"அவரும் மொகத்தைக் காட்டித் தன்னோட போனைத் திறக்கறவரா இருந்தா வந்துருமுங்க."

பெரியவர் சற்று யோசித்தார். "அப்ப, என் சம்சாரத்து போனை நான் பாத்தது?"

"அது அவங்க லிஸ்டுல வருமுங்க."

இணைப்பு துண்டாகிவிட்டது. ஷாஜஹான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கோகிலவாணி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் அந்த மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. புரட்டாசி ஒன்றாம் தேதி வாக்கில் எங்காவது கோயில் குளத்துக்குப் போய்விடலாம் என்று திடீரென்று நிறையப் பேருக்குப் பக்தி வந்தது. ஒரு பெண்கள் விடுதிக் காப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். புதிதாகக் கல்யாணமானவர்கள், வருகிற பட்டியலை இருவருமே திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். செய்துகொண்டதாலேயே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். சிலர் வீட்டிலிருந்தவர்களின் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்தார்கள். பதிவு போனில் இல்லை, நிறுவனத்திடம் இருக்கிறது என்பதைக்கூட அறியாத அப்பாவிகள். யார் பார்த்தார்கள் என்பதோடு, எதைப் பார்த்தார்கள் என்பதும் பட்டியலில் வரப்போகிறது என்று ஒரு வதந்தி வேறு கிளம்பியது. கோகிலவாணியைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வதந்திதான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் தம்பி நவநீதனுக்குப் பெண் பார்க்கக் கோபிசெட்டிபாளையம் போயிருந்தார்கள். பெண்ணின் பெயர் சிந்துஜா. இருபத்தாறு வயது. வேதியியல் படித்துவிட்டு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒப்புட்டும் காப்பியும் வந்து, பெரியவர்கள் வாய்க்காலில் தண்ணீர் விட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், சிந்துஜா கோகிலவாணியை உள் அறைக்குக் கூட்டிப்போனாள். கூச்சத்தோடு தன் போனை நீட்டினாள்.

"அக்கா, உங்க புரோகிராமை ஒண்ணு விடாமக் கேப்பனுங்க. இது பத்திரமா இருக்குதான்னு ஒருக்கா பாத்துக் குடுக்கறீங்களா?"

பூட்டைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, அம்மா கூப்பிட்ட குரலுக்கு வெளியே போய்விட்டாள்.

சரிசெய்ய வேண்டியது அதிகமில்லை. இரண்டு செயலிகளுக்கு மைக் அனுமதியை நிறுத்தினாள், இருப்பிடம் காட்டுவதை அணைத்தாள். இரண்டு நிமிட வேலை. மூன்றாவது நிமிடம் திரையின் உச்சியில் ஒரு நினைவூட்டல் வந்து விழுந்தது. 'காலை மாத்திரை போட்டாச்சா?' விரலால் தள்ளிவிட்டிருக்கலாம். கோகிலவாணி அதைத் தொட்டாள். மருத்துவமனைச் செயலி திறந்தது. சிந்துஜா, வயது இருபத்தாறு, மனநலப் பிரிவு. பதினான்கு மாதமாகப் போய்வந்த தேதிகள், மாத்திரைகளின் பெயர்கள், அளவைக் கூட்டியது, குறைத்தது. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்தாள். அப்போது தனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை என்பதுதான் பின்னாளில் அவளை உறுத்தியது. சிந்துஜா திரும்பி வந்ததும், "எல்லாம் பத்திரமா இருக்குது கண்ணு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள்.

நவநீதன் நண்பர்களோடு வேறு வண்டியில் வந்தான். திரும்பும் வழியில் காரின் பின்சீட்டில் அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அம்மா ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை. "ஜாதகஞ் சேரலைன்னு சொல்லிக்கலாம். நீ வாயைத் தொறக்காதே" என்றார். ஒரு சம்பந்தம் வேண்டாம் என்றால் பழியை ஜாதகத்தின் தலையில் போட்டுவிடுவது அந்தப் பக்கத்து மரியாதை. யார் மனமும் நோகாது. கிரகங்கள் வந்து சண்டை பிடிக்கப் போவதில்லை.

தம்பியின் வாழ்க்கைக்காகத்தானே என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டாள். கல்யாணம் என்றால் நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம்தான். மளிகைக் கடைக்காரரிடம் கேட்பார்கள், படித்த பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். விசாரிப்பதும் அடுத்தவர் போனைக் குடைவதும் ஒன்றா என்று யாராவது வானொலியில் கேட்டிருந்தால், ஒன்றில்லை என்று அவளே அரை மணி நேரம் அடித்துப் பேசியிருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை.

நவநீதன், "அந்தப் பொண்ணு சிரிச்சா நல்லாருந்துச்சுக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதன் பிறகு எத்தனையோ வரன் வந்தும் எதற்கும் தலையாட்டவில்லை. இப்போது முப்பத்தேழு வயது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை, தனியறை, கடைச் சாப்பாடு. அம்மா அந்தக் கவலையோடுதான் இரண்டு வருடம் முன்பு கண்ணை மூடினார். தன்னால்தான் தம்பி இப்படி ஒண்டியாக நிற்கிறான் என்று கோகிலவாணி அவனைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். அவனுக்கு விஷயம் தெரிந்தால் தன் முகத்தில் முழிக்கமாட்டான் என்று பயந்தாள்.

பட்டியல் வருவதற்கு ஒரு வாரம் முன்பு அரசு விளக்கம் வந்தது. ஷாஜஹான் அதை அலுவலகத்தில் வாசித்தான்.

"பேரு, தேதி, எத்தனை நிமிசம். அவ்வளவுதானுங்க்கா. எதைப் பாத்தாங்கங்கறது வராதாம்."

"அப்பாடா" என்றாள் கோகிலவாணி, வாய்விட்டு.

ஷாஜஹான் நிமிர்ந்து பார்த்தான். "நீங்களே இப்படிச் சொல்றீங்க? சனங்களுக்குப் பாதி உண்மைதானே கெடைக்குது?"

"இல்லப்பா, நாலு குடும்பம் ஒடையாமத் தப்பிக்குமேன்னு சொன்னேன்."

பொய் எவ்வளவு சுளுவாக வந்து விழுந்தது! ஒன்பது நிமிடம் போனை வைத்திருந்தாள், வைத்திருக்கச் சொன்னதே அந்தப் பெண்தான். யார் என்ன கேட்டுவிட முடியும்? அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து ஒரே வேளையில் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கண்ணாடியில் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்றாம் தேதி வந்தது, போயிற்று. கோகிலவாணியின் பட்டியலில் பதினாறு பேர். பெரும்பாலும் பேருந்தில் எட்டிப் பார்த்த முன்பின் அறியாதவர்கள். மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அக்கா, நான் கோபி சிந்துஜாங்க. உங்க பேரு என் லிஸ்டுல இருக்குதுங்க. உங்களை ஒருக்கா பாக்கோணுமே."

வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். காலை பதினோரு மணி. சிந்துஜா இளைத்திருந்தாள். முன்நெற்றியில் நரை தெரிந்தது. டியூஷனை விட்டுவிட்டதாகவும், பெருந்துறையில் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதாகவும் சொன்னாள். தேநீருக்குச் சொல்லிவிட்டு, பையிலிருந்து அச்செடுத்த இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் விரித்தாள். கோகிலவாணி 'நான் செட்டிங்ஸ் மாத்திட்டு இருந்தேன் கண்ணு' என்ற வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

அது தேவைப்படவே இல்லை.

"நாப்பத்தேழு பேருங்க்கா" என்றாள் சிந்துஜா. "எங்கம்மா மட்டும் தொண்ணூறு தடவை. டியூசனுக்கு வந்த புள்ளைங்க. சித்தி. பஸ்ஸுல யாரு யாரோ. மத்த அத்தனை பேரும் எனக்குத் தெரியாமப் பாத்தவங்க. நானே கையில குடுத்துப் பாத்தது நீங்க ஒருத்தருதான். அதனாலதான் உங்களைத் தேடி வந்தேன். இதுல ஒரு ஆளைப் பத்தி நீங்க பாத்துச் சொல்லோணும்."

"யாரைக் கண்ணு?"

"நீங்க வந்துட்டுப் போனீங்கல்ல, அந்த வருசந்தான். என் போன்ல ஆஸ்பத்திரி விவரம், மாத்திரை விவரமெல்லாம் இருந்துச்சு. அதை யாரோ பாத்துட்டு வெளிய சொல்லிப்போட்டாங்க. மூணே மாசத்துல ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, சிந்துஜா மனசு சரியில்லாம மாத்திரை திங்கறாள்னு. டியூசன்ல முப்பத்திரண்டு புள்ளைங்க இருந்துச்சு. நாலா ஆயிருச்சு. ஒரு அம்மா என் மூஞ்சிக்கு நேராவே கேட்டுச்சு, உனக்குக் கோவம் வந்தாப் புள்ளைகளை என்ன பண்ணுவேன்னு. வந்த வரனெல்லாம் ஜாதகஞ் சேரலைன்னு போயிருச்சு. அஞ்சு எடம், அஞ்சும் ஜாதகந்தானுங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். "கல்யாணத்துக்காக நான் அழுவலீங்க்கா. பாடம் நடத்தறது எனக்கு உசுரு. அது போச்சு."

தேநீர் வந்தது. கோகிலவாணி தம்ளரைத் தொடவில்லை.

"யாருன்னு ஏழு வருசமாத் தெரியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்று சிந்துஜா ஒரு வரியின்மேல் விரல் வைத்தாள். "எங்க சித்தி. அதே மாசத்துல முப்பத்தோரு நிமிசம் பாத்திருக்காங்க. சித்தப்பா போனப்பறம் எங்க வீட்டோடதான் இருக்காங்க. புள்ளை குட்டி கெடையாது. நேத்து அவங்க பொட்டியைக் கட்டி வெக்கச் சொல்லிப்போட்டேன். நாளைக்குக் காலைல போயிரணும்னு சொல்லியாச்சு. எங்க போவாங்கன்னு தெரியல. நான் செய்யறது சரிதானான்னு நீங்க இதைப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

கோகிலவாணிக்குத் தப்பிக்க அப்போதும் ஒரு வழி இருந்தது. அவள் அதைத்தான் முதலில் பிடித்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நேர்மை இருக்காது.

"நிமிசத்தை வச்சு ஒண்ணுஞ் சொல்ல முடியாது கண்ணு. அவங்க ஏதாவது படம் பாத்துட்டு இருந்திருப்பாங்க. சித்தியா இருக்காது."

"அப்ப யாருங்க்கா?"

சிந்துஜா சாதாரணமாகத்தான் கேட்டாள். கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. யாருடைய பெயரையும் சொல்லாமல் எழுந்து போனால், இந்தப் பெண் வீட்டுக்குப் போய் அந்தச் சித்தியைத் தெருவில் நிறுத்துவாள். இல்லையென்றால் வேறொருத்தியை. நாற்பத்தேழு பேரில் நாற்பத்தாறு பேரைச் சந்தேகப்படுவாள், மிச்சமிருக்கும் ஒருத்தியிடம் யோசனை கேட்பாள்.

"நாந்தான்" என்றாள் கோகிலவாணி.

சிந்துஜாவுக்குப் புரியவில்லை. "நீங்க செட்டிங்ஸ் மாத்திட்டு இருந்தீங்க."

"அது ரெண்டு நிமிசம். மிச்ச ஏழு நிமிசம் உன் ஆஸ்பத்திரி விவரத்தைப் படிச்சேன். மாத்திரையை ஞாபகப்படுத்தி ஒண்ணு வந்துச்சு, தொட்டேன், தொறந்துச்சு. மூடியிருக்கலாம். மூடல. கடைசி வரைக்கும் படிச்சேன். ஜாதகமெல்லாம் பொய்யி. ஜாதகத்தை நாங்க பிரிச்சுக்கூடப் பாக்கல. எங்கம்மாகிட்ட நாந்தான் சொன்னேன்."

பேக்கரிக்காரர் பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சிந்துஜா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்கப்பா மாத்திரைங்க" என்றாள்.

"என்ன கண்ணு?"

"எங்கப்பாவுக்குத் தூக்கம் போயி, யாரோ தொரத்தறாப்புல இருக்குதுன்னு சொல்லுவாரு. அவருகிட்ட பட்டன் போன்தான். வீட்டுல கேஸு, ரேசன், ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் என் நம்பர்தான் குடுத்திருந்தோம். ஆஸ்பத்திரில பேரும் என் பேர்ல ஏறிருச்சு. மாத்திச் சொல்லியும் மாத்தல."

கோகிலவாணி தலையில் கைவைத்துக்கொண்டாள். வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காதீர்கள், ஒருவர் நோய் இன்னொருவர் பேரில் ஏறிவிடும் என்று எத்தனை சனிக்கிழமை சொல்லியிருப்பாள்! ஊரில் பாதி வீடு அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. குறை இருக்கிறதா என்று பார்த்தாள், குறை கிடைத்ததும் அது யாருடையது என்று பார்க்கத் தோன்றவில்லை.

"அய்யோ, அப்ப உனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

சிந்துஜாவின் முகம் மாறியது அப்போதுதான். "எனக்கே இருந்தாத்தான் என்னங்க்கா? நானே மாத்திரை போட்டிருந்தா, நீங்க பாத்தது சரியாயிருமா? ஊரு பேசுனது சரியாயிருமா?"

கோகிலவாணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அந்தச் சொல்லைச் சொல்லக்கூடத் தனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

"அப்பாவோடதுன்னு நீ சொல்லியிருக்கலாமே கண்ணு?" என்று மெல்லக் கேட்டாள்.

"அவரு பஸ் டிரைவருங்க. சொன்னா வண்டியை அவரு கையில குடுப்பாங்களா? டாக்டர் ஓட்டலாம்னுதான் சொன்னாரு. ஊரு ஒத்துக்குமா? போன மாசந்தான் ரிட்டையர் ஆனாரு. அதுவரைக்கும் என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பிறகு போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். "சித்தி, பொட்டியை உள்ள எடுத்து வைங்க. இல்ல, நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். வந்து சொல்றேன்" என்றாள். மறுமுனையில் அழுகை கேட்டது. சிந்துஜா அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள், அச்செடுத்த தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பையிலிருந்து பேனா எடுத்துக் கோகிலவாணியின் பக்கம் நகர்த்தினாள்.

"பாத்தவங்க பேரைக் கோர்ட்டு வாங்கிக் குடுத்துருச்சு. வாயில போனதை எந்த மிசினும் எழுதி வெக்கல. நீங்க எழுதுங்க. யாரு யாருகிட்டச் சொன்னா, அவங்க யாருகிட்டச் சொன்னாங்க. எழுதி முடிச்சுட்டு ஒவ்வொரு வீடாப் போயி, நடந்தது இதுதான்னு நீங்களே சொல்லோணும். ரேடியோவுல சொல்லிட்டுத் தப்பிச்சுக்கக் கூடாது. ரேடியோவுல நீங்க எதைச் சொன்னாலும் அழகாத்தான் இருக்கும்."

கோகிலவாணி பேனாவை எடுத்தாள். முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது வரியில் அம்மாவின் பெயர். எழுதும்போது அம்மாவின் முகம் ஞாபகம் வந்து கண் கலங்கியது, ஆனாலும் எழுதினாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

"எங்கம்மா யாருகிட்டச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. கேக்கறதுக்கு அவங்களும் இல்ல."

"தெரிஞ்சவங்க யாரும் இல்லீங்களா?"

இருந்தான். அம்மா யார் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார் என்பது அவனுக்குத்தான் தெரியும். கோகிலவாணி இத்தனை வருடம் இந்தக் கதை யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தாளோ, அவனையேதான் இப்போது கேட்டாக வேண்டும். எண்ணைத் தொட்டாள்.

"சொல்லுக்கா" என்றான் நவநீதன். பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம்.

"நவநீ, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பக்கத்துல கோபி சிந்துஜா இருக்குது. நாம பாக்கப் போனோமே, அந்தப் பொண்ணு. அது கேக்குதுன்னு தெரிஞ்சே நீ பேசு. வேண்டாம்னா வெச்சுரு."

இயந்திரச் சத்தம் குறைந்தது. எங்கோ வெளியே நடந்து போகிறான் என்று தெரிந்தது. அவன் வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தாள்.

"கேளுக்கா."

"உனக்குத் தெரியாத ஒண்ணை நான் முதல்ல சொல்லோணும். அன்னிக்கி ஜாதகஞ் சேரலைன்னு சொன்னது..."

"மாத்திரை விசயந்தானே?"

கோகிலவாணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு ராத்திரியே மனசு கேக்காம அம்மா சொல்லிட்டாங்க. நீ போன்ல பாத்தேன்னு சொன்னாங்க. உனக்குப் புடிச்சிருந்தாப் பரவால்ல, வைத்தியம் பாத்துக்கலாம், உன் இஷ்டம்னு சொன்னாங்க. நாந்தான்க்கா வேண்டாம்னேன். பயமாப் போச்சு." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அப்பறம் எந்தப் பொண்ணைப் பாத்தாலும் அன்னிக்கிச் செஞ்சதுதான் நெனப்புக்கு வரும். உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஏழு வருடம் இவனுக்காக உருகியிருக்கிறாள். அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் எத்தனை முறை திட்டியிருக்கிறாள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்து, பண்டிகைக்குப் பண்டிகை எதிரெதிரே உட்கார்ந்து நலம் விசாரித்திருக்கிறார்கள். கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். எதிரில் இருந்தவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சிந்துஜா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க யாருகிட்டவாவது சொன்னீங்களா?"

நவநீதன் இழுத்து இழுத்துச் சொன்னான். "ஏன் அந்தப் பொண்ணை வேண்டாம்னு சொன்னேன்னு கேட்டாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லலீங்க."

"எத்தனை பேருகிட்ட?"

"மூணு பேருங்க. அன்னிக்கி என்கூட வண்டில வந்தவங்க."

"பேரைச் சொல்லுங்க."

அவன் முதல் பெயரைச் சொன்னான். கோகிலவாணி தம்பியின் பெயரை மூன்றாவது வரியில் எழுதி, அதன் கீழ் அவன் சொன்ன பெயரை எழுதினாள். இரண்டாவது பெயரைச் சொன்னான். அதையும் அடுத்த வரியிலேயே எழுதப் போனாள்.

"நெருக்கி எழுதாதீங்க்கா" என்றாள் சிந்துஜா. "ஒவ்வொரு பேருக்குக் கீழயும் எடம் விட்டு எழுதுங்க."